இண்டியானா ஜோன்ஸின் கதை முடிவது 1969-லா, 1992-லா?

11 ஜனவரி 2025, வாசகர் கேள்வி

"அண்ணா, ஹாரிசன் ஃபோர்டு தொல்லியலாளராக நடித்த ஐந்து இண்டியானா ஜோன்ஸ் படமும் பார்த்துவிட்டேன். டயல் ஆஃப் டெஸ்டினியோடு ஆளின் கதை முடிந்தது. வருஷம் 1969, எழுபது வயது, மனைவி மரியன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள், அவ்வளவுதான். தொலைக்காட்சித் தொடர், கேம், நாவல் எல்லாம் பிற்பாடு காசுக்காக ஒட்டவைத்தவை என்பது என் கருத்து. ஆனால் ஆபீஸில் ஒருவர், தொண்ணூற்று மூன்று வயதில் கண்ணில் கருப்புப் பட்டை கட்டிக்கொண்டு இண்டி நியூயார்க்கில் கதை சொல்லித் திரிவதைப் பார்த்திருக்கிறேன் என்று சாதிக்கிறார். உண்மையா? உண்மையென்றால் அந்தக் கிழவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? என் பெண்ணுக்குப் பத்து வயது. அவளோடு சேர்ந்து ஆரம்பத்திலிருந்து பார்க்க ஆசை. எதில் தொடங்க?"

11 ஜனவரி, இரவு

உண்மைதான். 1992 மார்ச்சில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி யங் இண்டியானா ஜோன்ஸ் கிரானிக்கிள்ஸ்' தொடங்கியபோது முதலில் வந்ததே அந்தக் கிழவர்தான். நடித்தவர் ஜார்ஜ் ஹால். கண்பட்டை, கைத்தடி, மூக்குக்கண்ணாடி. அருங்காட்சியகத்தில் ஆட்டம் போடுகிற இரண்டு பையன்களைப் பிடித்து நிறுத்திக் கதை சொல்ல ஆரம்பிக்கிறார், அங்கிருந்து 1908 எகிப்துக்குப் போகிறோம். மகளோடு வசிக்கிறார், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒட்டவைத்தது என்பதை நான் ஏற்கவில்லை. தொடரை உட்கார்ந்து யோசித்தவர் ஜார்ஜ் லூகாஸ், பாத்திரத்தை உருவாக்கியவரே. பேட்டையில் யாரோ எழுதிச் சேர்த்த கதையல்ல. என்னைக் கேட்டால் இந்த மனிதரின் வாழ்க்கையில் பாதிக்குமேல் அந்தத் தொடரில்தான் இருக்கிறது. படங்களில் இருப்பது நடுவயதின் சில வாரங்களும், கிழப்பருவத்தின் சில நாட்களும்.

12 ஜனவரி, காலை

பிறப்பிலிருந்து ஒருமுறை வரிசை போட்டுவிடுகிறேன், பிற்பாடு குழப்பம் வராது. 1899 ஜூலை 1, நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன். முழுப்பெயர் ஹென்றி வால்டன் ஜோன்ஸ் ஜூனியர். அப்பா இடைக்கால இலக்கியப் பேராசிரியர், அம்மா அன்னா. 1908-லிருந்து 1910 வரை அப்பாவின் சொற்பொழிவுப் பயணத்தோடு உலகம் சுற்றுகிறான். 1912-ல் யூட்டா, சாரணர் சீருடையில் கொரோனாடோவின் சிலுவைக்காக ரயில்மேல் ஓடுகிறானே, அது. 1916-ல் மெக்ஸிகோவில் புரட்சித் தலைவர் பாஞ்சோ வியா, அங்கிருந்து முதல் உலகப்போர். 1935 டெம்பிள் ஆஃப் டூம், 1936 ரெய்டர்ஸ், 1938 லாஸ்ட் க்ரூசேட், 1957 கிரிஸ்டல் ஸ்கல், 1969 டயல். கடைசியில் 1990-களின் அந்தக் கிழவர்.

படங்கள் வெளிவந்த வரிசை வேறு, வாழ்ந்த வரிசை வேறு. டெம்பிள் இரண்டாவதாக வந்தது, ஆனால் கதை ரெய்டர்ஸுக்கு ஒரு வருஷம் முந்தையது. அதனால் ஒரு முடிச்சு விழுகிறது. 1935-ல் கண்முன்னால் கல் தீப்பிடித்து எரிவதைப் பார்த்தவர் 1936-ல் மந்திரமாவது மாயமாவது என்று நண்பர் மார்கஸ் பிராடியிடம் சொல்லிவிட்டுப் பெட்டி கட்டுகிறார். இதற்கு ரசிகர்கள் எத்தனையோ சமாதானம் சொல்கிறார்கள், எனக்கு எதுவும் ஒட்டவில்லை. எழுதிய வரிசை மாறியதால் வந்த ஓட்டை, அப்படியே விட்டுவிடலாம்.

14 ஜனவரி

பொங்கல் விடுமுறையில் டிவிடியில் மறுபடி முதல் பாகத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றைக் கவனியுங்கள். இப்போது கிடைக்கிற பதிப்பில் அந்தக் கிழவர் கிடையாது. ஒரு மணி நேர அத்தியாயங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 22 படங்களாக வெட்டி ஒட்டியபோது ஜார்ஜ் ஹால் வந்த காட்சிகளை முழுக்க எடுத்துவிட்டார்கள். முதல் கதையில் எகிப்தில் திருட்டுப்போகிற நரிமுகப் பொருள் எட்டு வருஷம் கழித்து மெக்ஸிகோவில்தான் கிடைக்கும். அந்த இரண்டு பாதியையும் பிரித்து வெவ்வேறு படங்களில் போட்டுவிட்டார்கள். எகிப்தோடு டாஞ்சியர் கதை ஒன்று பல வருஷம் கழித்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. நடுவில் கோரி கேரியர் என்ற அந்தப் பையன் வளர்ந்துவிட்டான். எகிப்தில் குழந்தை முகம், அடுத்த நாட்டுக்குப் போனதும் முகவாய் நீண்டு குரல் உடைந்து வேறு பையன் மாதிரி நிற்கிறான். கதைப்படி அதே 1908!

தப்பிப் பிழைத்தது ஒரே ஒரு இடம். ஷிகாகோ ஜாஸ் கதையின் முன்னும் பின்னும் ஹாரிசன் ஃபோர்டே வருகிறார். 1950, வயோமிங்கில் பனி கொட்டுகிற மலைக்குடில், முகத்தில் தாடி, கையில் சாக்ஸபோன். ஃபோர்டு வந்ததால் வைத்துக்கொண்டார்கள், ஜார்ஜ் ஹாலை வெட்டிவிட்டார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். பஸ்ஸிலும் கடையிலும் யாராவது அகப்பட்டால் கதை சொல்லும் கிழவர், கேட்கிறவர்கள் பாதிப்பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. உலகத்தையே காப்பாற்றியவர் கடைசியில் எல்லா வீட்டுத் தாத்தாவையும் போல ஆகிவிட்டார். அதைவிட நல்ல முடிவு இந்தப் பாத்திரத்துக்குக் கிடையாது.

15 ஜனவரி

நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. 1910 ஜனவரியில் சிறுவன் இண்டி காசிக்கு வருகிற அத்தியாயம் இருக்கிறது. அங்கே அவனுக்குப் பழக்கமாகிறவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, அப்போது பதினான்கு வயதுப் பையன். பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட் வருகிறார், லெட்பீட்டர் வருகிறார். பல மதத்துக் கோயில்களுக்கும் அவனைக் கூட்டிப்போய்க் காட்டுகிற அந்தக் கிருஷ்ணமூர்த்தி மிக அமைதியான பையன், நன்றாகவே எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே 1910 ஜனவரியில் நிஜக் கிருஷ்ணமூர்த்தி இருந்தது நம் அடையாற்றில். 1909-ல் அடையாறு கடற்கரையில்தான் லெட்பீட்டர் கண்ணில் பட்டார். ஜனவரி 11, 12 தேதிகளில் அவருக்கு முதல் தீட்சை நடந்ததும் அடையாற்றில், பெசன்ட்டின் அறையில். காசியில் இருந்தது பெசன்ட் மட்டும். கதைக்காகப் பையனைக் காசிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கங்கைக்கரை கண்ணுக்குப் பெரிசாகத் தெரியும் என்பது புரிகிறது. இருந்தாலும் அடையாறு ஆலமரத்தடியில் இண்டி நின்றிருக்கக்கூடிய வாய்ப்பு போனதே என்று ஆறவில்லை.

18 ஜனவரி

ஒரு வாசகர் நேராகவே எழுதியிருக்கிறார்: "இவர் தொல்லியலாளரே இல்லை. அடுத்தவன் ஊர்க் கோயிலில் புகுந்து சிலையைத் தூக்குகிறவருக்கு வேறு பெயர் உண்டு." பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுக்காரனாக இதை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. சிவபுரம் நடராஜர் வெளிநாடு போய்த் திரும்பிய கதையும், ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் 2014-ல் திரும்பிய கதையும் நமக்குத் தெரியும். போன இடம் கண்ணாடிப் பெட்டி வைத்த பெரிய அருங்காட்சியகங்கள்தான். ஆகவே பதின்மூன்று வயது இண்டி "இது அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியது" என்று கத்தும்போது எனக்குக் கைதட்டத் தோன்றுவதில்லை.

ஆனால் வாழ்ந்த வரிசையில் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. 1935-ல், திருட்டுப்போன புனிதக் கல்லான சங்கரக் கல்லைக் கிராமத்தாரிடம் திருப்பிக் கொடுக்கிறார். கொண்டுபோனால் ஏதோ ஒரு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும், அவ்வளவுதான் என்கிறார். பொருள் அதன் ஊர்க்காரர் கையில் இருக்கவேண்டும் என்று அவருக்குப் புரிந்த நாள் அது. அடுத்த வருஷமே பெருவில் தங்கச்சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், அதுவும் உண்மை. 1957-ல் மண்டையோட்டை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார். முன்னும் பின்னுமாக இழுபட்டுத்தான் மாறுகிறார்.

19 ஜனவரி

சங்கரக் கல் பேச்சு வந்துவிட்டதால் டெம்பிள் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. அந்தப் படத்தின் இந்தியா இந்தியாவே அல்ல. இந்திய அரசு கதையைப் பார்த்துவிட்டு மாற்றங்கள் கேட்டது, இவர்கள் இலங்கைக்குப் போய்விட்டார்கள். கண்டிப் பக்கம்தான் அந்த வறண்ட கிராமம். தொங்குபாலத்தைக் கட்டியது விக்டோரியா அணை வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில், அணை கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களே உதவினார்கள். கிராமத்து மக்கள் பேசுவது சிங்களம்! கிராமப் பெரியவராக வருகிறவர் சிங்களத் திரையுலகின் டி. ஆர். நாணாயக்கார. ஆங்கிலம் தெரியாததால் ஸ்பீல்பெர்க் கேமராவுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அதே மாதிரித் திருப்பிச் சொல்லி நடித்தார். அந்த முகத்தில் இருக்கிற பஞ்சமும் நம்பிக்கையும்தான் படத்தில் எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது காளியை நரபலித் தெய்வமாக்கியது. நம் ஊர்களில் காளி எல்லை காக்கிற அம்மன். கூழ் ஊற்றுகிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவதும் அப்படியே. தக்கர் என்ற வழிப்பறிக் கொலைக் கூட்டத்தை வெள்ளைக்காரர்கள் 1830-களில் ஒழித்ததாகச் சொல்லப்படுவதை நூறு வருஷம் தள்ளிவைத்துப் பெரிய சுரங்கமே கட்டிவிட்டார்கள். அம்ரீஷ் புரியின் நடிப்பை மட்டும் குறைசொல்லவே முடியாது. ஆனால் இந்தப் படத்தை முதலில் காட்டிவிட்டால் உங்கள் பெண் கேட்கப்போகிற கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

20 ஜனவரி

கேம் எல்லாம் வீண் என்று மறுபடி எழுதியிருக்கிறீர்கள். வூ ஹானை ஞாபகம் இருக்கிறதா? டெம்பிள் தொடக்கத்தில் ஷாங்காய் கிளப்பில் பரிசாரகர் வேஷத்தில் வந்து, ஷாம்பெய்ன் மூடி தெறிக்கும் சத்தத்தில் மறைந்த துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போகிறாரே, அவர்தான். படத்தில் அவருக்குச் சில நிமிஷம். 2003-ல் வந்த எம்பரர்ஸ் டூம் (Emperor's Tomb) கேமில் அவர் இண்டியின் கூட்டாளியாக வருகிறார். கேம் முடிகிற இடத்தில்தான் படம் தொடங்குகிறது. அதை விளையாடியபின் அந்தக் கிளப் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. மூடி தெறிக்கிற சத்தத்துக்கே வயிறு பிசைகிறது. ஒட்டவைத்த கதைக்கு இந்தப் பலம் வருமா? (அந்தக் கேமின் முதல் கட்டம் இலங்கைக் காட்டில்தான், 1935. அந்த வருஷம் இலங்கையை விடமாட்டார் போல.)

இன்னொரு கேம், ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ், 1992. கதை நடப்பது 1939-ல். பிளேட்டோ எழுதாமல் போன உரையாடல் ஒன்று எழுதப்பட்டு மறைந்துகிடந்தது என்று வைத்துக்கொண்டு போகிற கதை. சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் அண்ணனும் நானும் விளையாடியது. பெயர்கள் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் ஆரம்பித்துவிடும். கல்லூரிக் கட்டடத்தில் ஒரு சிலையைத் தேடுகிறார், நாம் தொட்ட பொருளெல்லாம் பொய்த்து, ஒவ்வொரு மாடியாகத் தரை உடைந்து கீழே விழுந்துகொண்டே வருவார். பிறகு புத்தியால் போவதா, கைச்சண்டையால் போவதா, சோஃபியா என்ற கூட்டாளிப் பெண்ணோடு சேர்ந்து போவதா என்று மூன்று வழி. அண்ணன் எப்போதும் சண்டை, நான் சோஃபியா. நான்காவது படமாக இதை எடுத்திருக்கவேண்டும் என்று இன்றைக்கும் சொல்கிறேன்.

2024 டிசம்பரில் வந்த கிரேட் சர்க்கிள் கேம் 1937-ல் நடக்கிறது. மரியனோடு முறிந்துபோன காலம். இதன்மேல் ஒரு கண் வையுங்கள், கீழே வருகிறேன்.

25 ஜனவரி

நாவல் பற்றிக் கேட்ட நண்பருக்கு: 1990-களில் பாண்டம் வெளியிட்ட பன்னிரண்டில் முதல் ஆறும் ராப் மக்ரெகர் எழுதியவை. அவற்றில் இண்டிக்குக் கல்யாணமே ஆகிறது. டீய்ட்ரே கேம்ப்பெல். அமேசானில் காணாமல்போன கர்னல் ஃபாசெட்டைத் தேடிப்போகிற கதையில் (ஃபாசெட் நிஜமாகவே 1925-ல் காணாமல்போனவர்) விமான விபத்தில் அவள் இறந்துபோகிறாள்.

ரெய்டர்ஸ் கணக்குப்படி மரியனைக் காதலித்துக் கைவிட்டதும் ஏறக்குறைய 1926. இரண்டையும் சேர்த்தால் மனைவியை இழந்த கையோடு குருவின் மகளிடம் போயிருக்கிறார். அவர் ஏன் அப்படி நடந்தார் என்பதற்கு இது ஒரு காரணம் தருகிறது. மன்னிப்பு மட்டும் தரவில்லை. தான் அப்போது சின்னப்பெண் என்று மரியனே அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், அதை எந்த நாவலும் துடைக்க முடியாது. துடைக்கவும் கூடாது.

2 பிப்ரவரி

இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்கவேண்டும், ஆனால் தொடரை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்ததில் நேற்றுதான் கண்ணில் பட்டது.

தொடரில் போர் முடிந்து 1919. பாரிஸில் சமாதான மாநாடு. இண்டி அமெரிக்கத் தரப்புக்கு மொழிபெயர்ப்பாளர். பிரிட்டிஷ் அதிகாரி டி. இ. லாரன்ஸ் அரபு நாடுகளுக்காக வாதாடி ஏமாறுகிறார். அதே கட்டடத்தில் வியட்நாமிலிருந்து வந்த ஓர் இளைஞர் தன் மக்களுக்காகப் பேச வருகிறார், யாரும் காது கொடுப்பதில்லை. அவர்தான் பின்னாளில் ஹோ சி மின். இது வரலாறு: 1919 ஜூனில் எட்டுக் கோரிக்கை கொண்ட மனு கொடுக்கப்பட்டது, ஏறெடுத்துப் பார்த்தவர் இல்லை. பத்தொன்பது வயது இண்டி அந்த இடத்தில் நிற்கிறான்.

இப்போது ஐம்பது வருஷம் தள்ளி 1969-க்கு வாருங்கள். நிலவுக்குப் போனவர்களுக்கு நியூயார்க்கில் ஊர்வலம், போரை எதிர்த்துக் கோஷம், எழுபது வயது இண்டி தனிமையில் குடித்துக்கொண்டிருக்கிறார். மகன் வியட்நாமில் செத்துப்போனான். அப்பாவோடு கோபித்துக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தவன். காலத்தில் பின்னால் போக முடிந்தால் என்ன செய்வாய் என்று ஞானமகள் ஹெலனா கேட்கும்போது, பட்டாளத்தில் சேராதே என்று மகனிடம் சொல்லுவேன் என்கிறார்.

1919-ல் அந்த மாநாட்டில் யாராவது அந்த மனுவை வாங்கிப் படித்திருந்தால்? இந்த இரண்டையும் எழுதியவர்கள் வேறுவேறு ஆட்கள், நடுவில் முப்பது வருஷ இடைவெளி, யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. படத்தில் அந்தப் பாரிஸ் நாட்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆனாலும் பிறந்த வரிசையில் பார்த்துவந்தால் அந்த வியட்நாம் இளைஞரின் முகம் 1969-ல் வந்து நிற்கிறது. நேற்று டயலில் அந்தக் கப்பல் காட்சியை மறுபடி போட்டேன். தியேட்டரில் பார்த்தபோது சும்மா கடந்துபோன வசனம், இந்த முறை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அப்பா பிள்ளைச் சங்கதியும் இதில்தான் முழுசாகிறது. பாரிஸிலிருந்து வீடு திரும்பியவனுக்கு அப்பாவிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை கிடையாது. ஷிகாகோவில் தொல்லியல் படிக்கப்போகிறேன் என்று கிளம்புகிறான். லாஸ்ட் க்ரூசேடில் இருவரும் இருபது வருஷம் பேசாமல் இருந்தார்கள் என்று வருகிறதே, அதன் ஆரம்பம் இந்த வீட்டு வாசல். 1938-ல் அப்பாவோடு சமாதானமாகிறார். மரியனோடு 1937-லேயே முறிந்துவிட்டது என்று கிரேட் சர்க்கிள் சொல்கிறது. ஆகவே தன் அப்பாவைத் திரும்பப் பெற்ற அந்தக் காலத்தில்தான் எங்கோ அவருக்கே தெரியாமல் ஒரு மகன் பிறந்து வளரத் தொடங்குகிறான். அவனை இவர் முதலில் பார்ப்பது 1957-ல். பன்னிரண்டே வருஷத்தில் அவனும் இல்லை. தன் அப்பா தனக்குச் செய்ததையே வேறுவிதமாகத் தன் மகனுக்குச் செய்துவிட்டார், கெட்ட எண்ணத்தில் அல்ல.

3 பிப்ரவரி

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்: "அப்படியானால் 1992-ல் வருகிற மகள் யார்? டயலில் மகள் கிடையாதே." நியாயமான கேள்வி. படம் மகளைக் காட்டவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுபது வயதில் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது, பட்டை கட்ட இன்னும் இருபத்து மூன்று வருஷம் இருக்கிறது. வளர்ப்பு மகளாக இருக்கலாம். ஹெலனா மாதிரி யாராவது மகள் ஸ்தானத்துக்கு வந்திருக்கலாம்.

தேதி பொருத்துவதைவிட எனக்கு முக்கியம் வேறு. டயலில் சிராக்யூஸ் முற்றுகையின் நடுவில், ஆர்க்கிமிடீஸ் எதிரில், என்னை இங்கேயே விட்டுவிடு என்று கெஞ்சுகிறார். வாழ்நாள் முழுக்கப் படித்த காலத்திலேயே செத்துவிட ஆசை. ஹெலனா ஒரு குத்து விட்டு இழுத்துக்கொண்டு வருகிறாள். வந்து என்ன ஆனார் என்பதற்கு அந்தக் கண்பட்டைத் தாத்தாதான் பதில். பழங்காலத்துக்குப் போய்த் தங்க நினைத்தவர், பழங்காலத்தை மற்றவர்களுக்குச் சொல்கிறவராக இன்னும் இருபது வருஷத்துக்குமேல் வாழ்ந்தார். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: 1969-ல் முடியவில்லை, 1992-தான் முடிவு. ஜார்ஜ் ஹால் காட்சிகளை ஒழுங்காகச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடவேண்டும் என்று உரிமை வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

9 பிப்ரவரி

பெண்ணுக்குப் பத்து வயது என்றீர்கள் அல்லவா, முறைப்படி சொல்லிவிடுகிறேன். எகிப்துக் கதையில் தொடங்குங்கள். அவளைவிடச் சின்னப் பையன், ஒரு நாய், மிஸ் சீமோர் என்ற கண்டிப்பான டீச்சர், உடனே ஒட்டிக்கொள்வாள். காசிக் கதையைக் காட்டுங்கள், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறு கூட்டிப்போங்கள். சோம் சண்டை, வெர்டன் சண்டை இரண்டும் விஷவாயுவும் பிணமுமாக இருக்கும், பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குத் தள்ளிவையுங்கள். படங்களில் லாஸ்ட் க்ரூசேட் முதலில், பிறகு ரெய்டர்ஸ். ரெய்டர்ஸில் பெட்டி திறக்கும்போது முகம் உருகுகிற இடத்தில் கண்ணை மூடச் சொல்லுங்கள். டெம்பிள் இப்போது வேண்டாம். நெஞ்சைப் பிய்க்கிற காட்சியால் அமெரிக்காவிலேயே பெற்றோர்கள் கொதித்துப்போய், 1984-ல் பிஜி-13 என்ற புதுச் சான்றிதழே வந்தது. பாரிஸ் 1919 கதையையும் டயலையும் மட்டும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பாருங்கள், அதை அவளோடு அல்ல, நீங்கள் தனியாக முதலில்.